எடை பார்க்கும் காலை

ஈரி ஏரிப் பக்கமிருந்து பனி குறுக்காக அடிக்கிறது.
ஆறு மணிப் பூசை.
மல்யுத்த அணி மொத்தமும் கடைசி இரண்டு பெஞ்சில்.

எம்மெட் கிளாஸ்கா நேற்று மதியத்திலிருந்து
எச்சில்கூட விழுங்கவில்லை.
காகிதக் கோப்பையில் துப்பித் துப்பியே
லத்தீன் தேர்வுக்குப் படித்தான்.
நூற்று முப்பத்திரண்டு பவுண்டு;
அதற்குமேல் இம்மியும் ஆகாது.

நற்கருணை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன்
திரும்பாமலே கேட்டான்:
"அப்பம் எவ்வளவு கனம்டா?"
எடைக் குறிப்பேடு என் கையில்தான்.
அதில் இது இல்லை.

ஃபாதர் கசிமிர் காதில் விழுந்திருக்கவேண்டும்.
பாதியாய் ஒடித்து அவன் நாக்கில் வைத்தார்.
மறுபாதியைத் தானே உண்டார்,
முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

பிறகு ஜிம்.
அறுபத்தொன்றிலிருந்து வென்றவர்கள்
சட்டத்துக்குள்ளிருந்து பார்க்க,
காலுறைகூட இல்லாமல் தராசில் ஏறினான்.
முள் ஆடியது. ஆடி நின்றது.
ஓர் அவுன்ஸ் கூடுதல்.

கோச் டோனெல்லி
கூரையைப் பார்த்தார்.

எம்மெட்தான் முதலில் சிரித்தான்.
நெற்றியில் விழுந்த செம்பட்டை முடியைக்
கொத்தாய்ப் பிடித்துக்கொண்டு,
"கத்தரி இருக்கா?" என்றான்.

சுவரில் இருப்பவர்களில் பாதிப்பேர்
ஏன் மொட்டை என்று
எனக்கு அப்போதுதான் விளங்கியது.