ஜோடி மாற்றி வைத்தல்

வீட்டுக்குள் பலகை வரக்கூடாது.
புதுத் தரை, ஓக் மரம்.
போன வருஷம் ஒருவன் பனிச்சறுக்குப் பலகையை
ஈரத்தோடு சாய்த்து வைத்து
பிறை மாதிரி ஒரு கறை விட்டுப் போனான்.
அதன் மேல் இப்போது ஒரு பூந்தொட்டி நிற்கிறது,
பூ இல்லாமல்.

ஆகவே வெளியே.
வெளியே என்றால் எங்கே என்பதை
ஸ்லாவ்கா ஒரு தாளில் எழுதி
கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறாள்:

தெற்குச் சுவர் வேண்டாம். பகலில் உருகும், இரவில் இறுகும்,
காலையில் வெந்நீர் கேட்டு யாரும் என்னிடம் வரவேண்டாம்.
கூரை விளிம்புக்குக் கீழே வேண்டாம்,
பனி சொல்லிவிட்டு இறங்குவதில்லை.
பாதையோரம் வேண்டவே வேண்டாம்,
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற சிரிலுக்கு
ஒரு கண்தான் சரியாகத் தெரியும்.
வடக்குச் சுவர். மரச் சட்டம். நிமிர்த்தி.
இரும்பு விளிம்பைத் துடைத்துவிட்டு.
பூட்டு உங்கள் பொறுப்பு.

பூட்டு கொண்டுவராதவர்கள் இருவர்.
இரண்டாம் எண்ணில் கொராஸ்ட்,
மாரிபோரில் பல்செட் செய்கிறவன்.
நான்காம் எண்ணில் நெவென்கா.
எந்த ஊர் என்றால் "கடல் பக்கம்" என்பாள்,
அதற்குமேல் இல்லை.

யோசனை அவனுடையது.
என் ஒன்று, உன் ஒன்று, இந்த முனையில்.
மற்ற இரண்டும் அந்த முனையில்.
ஒற்றைச் செருப்பைத் திருடுகிறவன்
எந்த ஊரிலும் கிடையாது.

சிவப்பும் நீலமும்.
உயரத்தில் ஒரு சாண் வித்தியாசம்.
மூன்று இரவு அப்படி நின்றன.
காலையில் அவரவருடையதைப் பிரித்து எடுத்தார்கள்,
கலைந்த சீட்டுக்கட்டை அடுக்குவது போல, பேசாமல்.
மாலையில் மறுபடி கலைத்தார்கள்.
மேல்வீட்டுக் குழந்தை கேட்டது,
இவங்களுக்குக் கல்யாணமா?
அம்மா அதன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள்.

நாலாம் நாள் விடியுமுன்
நெவென்கா கிளம்பிவிட்டாள்.
சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது
கொராஸ்ட்டுக்குத் தூக்கத்தில் கேட்டிருக்கிறது,
கனவு என்று புரண்டு படுத்திருக்கிறான்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
இருட்டில், கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு
நிறம் தெரியாது.
கிட்ட இருந்த முனையில் இரண்டை அள்ளி
காரின் மேல் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சட்டத்தின் முன் அவன் வெகுநேரம் நின்றான்.
திருட்டு இல்லை.
இரண்டு கொண்டுவந்தவனுக்கு இரண்டு இருக்கிறது.
நீலத்தில் பூட்ஸை வைத்து மிதித்துப் பார்த்தான்.
கவ்வி மூடவில்லை, ஒரு விரற்கடை குறைந்தது.
அழுத்தினான். பிறகு, அடுத்தவர் பொருள் என்று
காலை எடுத்துக்கொண்டான்.

விருந்தாளி எண்ணை நான் யாருக்கும் தருவதில்லை
என்றாள் ஸ்லாவ்கா. பதினோரு வருஷமாக.
அப்புறம் தன் போனில் தானே அழைத்து
ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு
முதுகைத் திருப்பிக்கொண்டு
உருளைக்கிழங்கு சீவ ஆரம்பித்தாள்.

உன்னிடம் என்ன இருக்கிறது?
ஒரு சிவப்பு, ஒரு நீலம்.
என்னிடமும்.

அந்தப் பக்கம் ஏதோ நடைக்கூடம்.
தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக் கடந்தது.
யாரோ ஒரு பெயரை அழைத்தார்கள்,
அவளுடையது அல்ல.
கத்தியும் கொஞ்சம் நின்றது.

இப்போது எங்கே இருக்கிறது?
கார் மேல். ஆஸ்பத்திரி வாசலில்.
பூட்டினாயா?
ஒற்றையை யார் எடுப்பார்கள் என்றாள்,
பாதி சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, நின்றுவிட்டது.
யாருக்கு என்ன என்று அவன் கேட்கவில்லை.
சாப்பிட்டாயா என்று கேட்டான்.

சாயங்காலம் தாளில் ஒரு வரி கூடியிருந்தது,
வேறு பேனாவில்:
ஜோடி மாற்றி வைப்பவர்கள்
கிளம்பும் நேரத்தையும் சொல்லி வையுங்கள்.

கொராஸ்ட் அதைப் படித்தான்.
வெளியே போய், சட்டைக் கையை இழுத்து
நீலத்தின் விளிம்பை நுனி முதல் அடி வரை
பல்லைத் துலக்குகிற கவனத்தோடு துடைத்தான்.
சுவரோடு சேர்த்து நிமிர்த்தினான்.

தன்னுடையதை மறந்துவிட்டான்.
மறுநாள் காலை
சிவப்பின் ஓரத்தில், நூல் மாதிரி,
ஆரஞ்சு நிறத்தில் ஒரு துரு.