மறு அறிவிப்பு வரும் வரை

சுற்றறிக்கை வந்தது வெள்ளிக்கிழமை,
நாலே முக்காலுக்கு.
பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு
சிந்திய கஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
சேவை வழங்குநர்களின் கவனத்திற்கு, என்று ஆரம்பம்.
அயனாவரத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேலே
இரண்டு அறையும் ஓர் ஊஞ்சலும் வைத்திருக்கும் எங்களுக்கு
அப்படியொரு பெயர் உண்டென்பது
அவ்வப்போதுதான் ஞாபகம் வரும்.

கைரேகை வருகைப்பதிவு, உடனடியாக.
நவம்பர் ஒன்று முதல்
பயிற்சி நாற்பத்தைந்து நிமிடமல்ல, முப்பது.
மஞ்சள் வேனின் ஒப்பந்தம் முடிகிறது;
புதிய வண்டி, புதிய தடம்,
மறு அறிவிப்பு வரும் வரை.

முப்பது நிமிடத்தைப் பிரித்துப் பார்த்தேன்.
ஜெனிலா செருப்பைக் கழற்ற எட்டு.
கழற்றியதைச் சுவரோரம் நேராக்க ஆறு.
கீழே மில் ஓடுவது நேற்றைய சத்தம்தானா என்று
தரையில் காது வைத்துக் கேட்க நாலு.
மிச்சம் பன்னிரண்டில்
நான் அவளுக்குப் பட்டன் போடக் கற்றுத்தர வேண்டும்,
கற்றுத்தந்ததாக எழுதவும் வேண்டும்.

கைரேகை இயந்திரம் கூரியரில் வந்தது.
வஹீதாவின் விரலை உடனே ஒப்புக்கொண்டது.
என் விரலை மூன்றாம் முறை.
சபேசனுக்கு இருபத்தாறு வயது
(அவனையும் சேர்த்துத்தான் பிள்ளைகள் என்கிறோம்,
தப்பு, தெரியும்).
அவன் விரலை அவன் அம்மா பிடித்தே
ஒன்பது வருடம் ஆகிறது.
தொடாமல் இருப்பதுதான்
நாங்கள் அவனுக்குக் காட்டும் மரியாதை.
பச்சை வெளிச்சத்தை எட்ட நின்று பார்த்தான்.
மீண்டும் முயலவும், என்று அது பேசியதும்
காதைப் பொத்திக்கொண்டான்.
தினமும் முதலில் வருகிறவன்
ஐந்து நாளாகப் பதிவேட்டில் வரவேயில்லை.
உதவி எண்ணில் கேட்டார்கள்:
ஆள் வந்திருக்காரா மேடம்?
வந்திருக்கார்.
அப்ப ரேகை விழணுமே.

இதையெல்லாம் அவர்களிடமும் சொல்லியாக வேண்டும்.
சுற்றறிக்கையில் அதற்கு ஒரு பத்தி இல்லை.
ஞாயிறு முழுக்கப் பட அட்டை வெட்டினேன்.
மஞ்சள் வேன், மேலே சிவப்பில் பெருக்கல் குறி.
வெள்ளை வேன்.
புது டிரைவரிடம் முகம் கேட்டேன்,
மெரினாவில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றதை அனுப்பினார்.
கண்ணாடி இல்லாம இன்னொண்ணு அனுப்புங்க அண்ணே.

கடைசி வரிக்குத்தான் படம் சிக்கவில்லை.
கடிகாரம் வரைந்தால் முள்ளை எங்கே நிறுத்துவது?
காத்திரு என்று கை காட்டும் அட்டை இருக்கிறது,
ஆனால் அதற்குப் பின்னால் எப்போதும்
ஒரு பிஸ்கெட்டோ ஊஞ்சலோ வந்துவிடும்.
வராவிட்டால் அது பொய்.
இந்த அறையில் ஒரு பொய் சொன்னால்
ஆறு மாத வேலை போச்சு.
வெறும் வெள்ளை அட்டை ஒன்றை லேமினேட் செய்து
கடைசியில் செருகினேன்.

ஒன்றாம் தேதி மழை.
கொன்னூர் ஹைரோட்டில் கணுக்கால் தண்ணீர்.
காலையில் புது வண்டி தடம் தெரியாமல்
வில்லிவாக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்க
அம்மாக்களே ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்கள்.
மாலையில் வந்தது.
ஜெனிலா ஏறினாள், செருப்பை மடியில் வைத்துக்கொண்டு.

சபேசன் மாடியை விட்டு இறங்கவில்லை.
அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினான்.
வெள்ளை அட்டையில் டியூப்லைட் நெளிவதை
சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.
பிறகு போய், அதை
இயந்திரத்தின் பச்சைக் கண் மேல் வைத்தான்.
மீண்டும் முயலவும்.
இந்த முறை காதைப் பொத்தவில்லை.
திரும்பி வந்து படியில் உட்கார்ந்தான்.
ஒரு கை தூரம் விட்டு நானும்.

டிரைவர் மழையில் நனைந்தபடி மேலே பார்த்தார்.
எவ்ளோ நேரம் மேடம் ஆகும்?

மறு அறிவிப்பு வரும் வரை, என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
போய் இஞ்சினை அணைத்தார்.
ஜன்னல் கம்பியில் காது வைத்திருந்த ஜெனிலா
சத்தம் நின்றதும் நிமிர்ந்து
யாரைக் கேட்பது என்பதுபோல்
எங்களைப் பார்த்தாள்.