ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்

மருதானைப் பழைய புத்தகக் கடையில்
கணக்கியல் பாடநூல்களுக்கு அடியில் கிடந்தது
டோர்செட் பகுதியின் சைக்கிள் வரைபடம்.
துணியில் ஒட்டியது, மடிப்புகளில் நைந்தது.
நூற்றைம்பது என்றார் கடைக்காரர்.
என் கையிலிருந்த ஹெல்மெட்டைக் கண்டதும்
இருநூறு என்றார்.

யாரோ ஆங்கிலத்தில், பென்சிலால்,
அவசரமில்லாத சாய்வெழுத்தில் குறித்திருந்தார்:
மூன்று மைல் இறக்கம், பிரேக்கை நம்பாதே.
இங்கே ஆடுகள், வழிவிடா.
தேநீர்க்கடை பூட்டு. மழை.

பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருசம் வாங்கிய சைக்கிள் எனது.
வரிசை போய்விட்டது, சைக்கிள் போகவில்லை.
கப்பல் ஏஜென்சியில் சரக்குப் பட்டியல் பார்ப்பவள் நான்,
பெட்டிகள் போகிற தூரத்தையெல்லாம்
கதிரையில் இருந்தபடி எழுதுகிறவள்.

போயா விடியலில் வெள்ளவத்தையில் புறப்பட்டோம்
ருஷ்தாவும் நானும்.
அவளுக்கு இருபத்தொரு கியர்.
எனக்கு ஒன்று, அதுவும் மனம் வைத்தால்.
விதி இதுதான்:
வரைபடம் இடம் என்றால் இடம், வலம் என்றால் வலம்,
கொழும்பு என்ன சொன்னாலும் கேட்பதில்லை.

'தேவாலயம், பிறகு பாலம்.'
எங்களுக்கு வந்தது பள்ளிவாசல்,
பிறகு நாறும் கிருலப்பனைக் கால்வாய்,
அதன்மேல் பாலம்.
"பாலம் பாலம்தானே" என்றாள் ருஷ்தா, மூக்கைப் பொத்தியபடி.

'இங்கிருந்து மேடு.'
பழுப்புக் கோடுகள் விரல்ரேகைபோல் நெருங்கின.
கொழும்பில் ஏது மேடு?
நுகேகொடை மேம்பாலத்தை மலையென்று வைத்துக்கொண்டு
பெடலில் எழுந்து நின்று ஏறினோம்.
உச்சியில்
(உச்சி என்றால் இரண்டாம் மாடி உயரம்)
தண்ணீர்த் தாங்கிகள், டிஷ் அன்டெனாக்கள்,
மொட்டைமாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஓர் ஆள்
எங்களுக்காகத் தூரிகையை உயர்த்தினார்.
இறக்கம் பதினொரு விநாடி.
பிரேக்கை நம்பவில்லை.

நாடாளுமன்றப் பக்கம் திரும்பும் சந்தியில்
கைகாட்டி மறித்தான் ஒரு சிப்பாய்.
ஹெண்டிலில் கிளிப் போட்டிருந்த வரைபடத்தில் அவன் கண்.
அடையாள அட்டை.
என் பெயரை இருமுறை வாசித்தான்,
இரண்டாம் முறை மெதுவாக.
அந்த மெதுவை எனக்குத் தெரியும்.
அண்ணாவின் பையில் பள்ளிக்கூட அட்லஸ் இருந்ததற்காக
ஓர் இரவு முழுக்க
பொலிஸ் வாங்கில் இருந்தது எங்கள் வீடு.

"இது இந்த நாடு இல்லை" என்றேன் சிங்களத்தில்.
அவன் விரல் வைத்துத் தேடினான்
ஏரியை, பாலத்தை, நாடாளுமன்றத்தை.
விரல் போன வழியெல்லாம்
பண்ணை, ஓடை, பண்ணை, ஒன்றுமில்லாத பச்சை.
பென்சில் எழுத்தில் தடுக்கி நின்றது.
எழுத்துக்கூட்டி வாசித்தான். சிரிக்கவில்லை.
"எங்கள் ஊரில் எருமையும் வழிவிடாது" என்றான்.
மொனராகலைப் பக்கமாம்.
பழைய மடிப்பு பிடிபடாமல்
பிழையாக மடித்துத் தந்தான்.

கொஞ்சத்தூரம் ருஷ்தா ஒன்றும் பேசவில்லை.
நானும்.
செயின் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

தலங்கமவில் சட்டென்று வீடுகள் விட்டுக்கொடுத்தன.
வயல். நடவுக்கு நின்ற தண்ணீரில் வானம்.
நீர்க்கோழியொன்று அல்லி இலைகளை
மிதித்து மிதித்துக் கணக்குப் பார்த்தது.
வரம்போரம் இரண்டு எருமை,
சிப்பாய் சொன்னது சரி,
மணியடித்தும் அசையவில்லை.
இறங்கி உருட்டிக்கொண்டு போனோம்.

ஏரிக்கரைக் கடையில் பிளேன்ரீ,
சீனி உதிரும் கிம்புலா பணிஸ்.
முதலாளியிடம் கணக்கெழுதும் பென்சிலை இரவல் வாங்கி
டோர்செட்டில், பாதையே இல்லாத ஒரு பச்சையில்,
தமிழில் எழுதினேன்:
தேநீர்க்கடை திறந்திருக்கிறது. எருமை இரண்டு.

திரும்பும் வழியை அந்தப் பென்சில்காரர் எழுதவில்லை.
அங்கேயே இருந்துவிட்டாரோ,
பென்சில் முடிந்துவிட்டதோ.
ருஷ்தாவின் போனில் நான்கு சதவீதம்.
"விடு" என்றாள், ஹெல்மெட் வாரை இறுக்கியபடி.
"வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு மிதி.
கடல் வரும்."