நூற்றாறு சதவீதம்

அரசு அட்டையில் என் ஊனம் நாற்பத்தைந்து.
கல்லூரிப் பதிவேட்டில் என் வருகை அறுபத்தொன்று.
போன மார்ச்சில் கூட்டிப் பார்த்தேன்: நூற்றாறு.
சித்திரையில் வேலூர் அடிக்கும் வெயில்.
முழு மனிதனுக்கு மேலேயே ஆறு இருந்தேன்,
ஆனாலும் பரீட்சைக்குப்
பதினான்கு குறைந்ததாம்.

ரத்தம் உறையாத உடம்பு என்று
ஒரு வரியில் சொல்லிவிடலாம்.
"சவரம் பண்ணும்போது பயமா இல்லையா?"
எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.
வெட்டுக்காயம் அல்ல விஷயம். விஷயம் உள்ளே.
ராத்திரி இரண்டு மணிக்கு
வலது முட்டிக்குள் ஒரு கதகதப்பு,
குழாயைச் சரியாய் மூடாத வீட்டில்
தொட்டி நிறைவது போல.
நாலு மணிக்கு மடக்க முடியாது.
ஏழேகாலுக்கு மேல்விஷாரத்தில்
பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்து, போய்விடும்.

என் முட்டிக்குக் காலண்டர் தெரியாது.
செமினார் அன்றைக்குப் பார்த்து வீங்கும்.
பக்ரீத் விடுமுறை முழுக்க
ஒன்றும் ஆகாமல் சும்மா கிடக்கும்.

டிசம்பர் வரை கன்னியப்பன் பார்த்துக்கொண்டான்.
முப்பத்திநாலாம் எண்ணுக்குக்
கடைசி பெஞ்சிலிருந்து குரலை மாற்றி
"உள்ளேன் ஐயா."
நான் ஐஸ் பையோடு படுத்துக் கிடக்க
என் 'உள்ளேன்' மட்டும்
தினம் வேலூர் போய்த் திரும்பியது.
மாட்டினான்.
அவனுக்கு மூன்று நாள் நீக்கம்.
எனக்கு ஒன்றுமில்லை, நான்தான் அங்கே இல்லையே.

அதற்குப் பிறகுதான் ஃபாரம்.
எந்தெந்தத் தேதிகளில் வர இயலாது,
முன்கூட்டியே குறிப்பிடுக.
"எதாவது எழுதுப்பா, காலியா குடுத்தா வாங்க மாட்டாங்க,"
என்றார் ஆபீஸ் ஏகாம்பரம்.
எழுதினேன்: தெரியாது.
அவர் அதை வெள்ளை மையால் அழித்தார்,
கோபமில்லாமல்,
எழுத்துப்பிழையை அழிப்பது போல.

துறைத்தலைவர் ஜெபசீலி மேடம்
கதவைச் சாத்திவிட்டு
"என்ன வேணும்னு நீயே சொல்லு" என்றார்.
பதினெட்டு வருஷத்தில்
என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார்கள்.
எப்படி ஆச்சு, யாருக்கெல்லாம் உண்டு, சொந்தத்துல கல்யாணமா.
இதை யாரும் கேட்டதில்லை.
சலுகை வேண்டாம் மேடம் என்று ஆரம்பித்து
அது பொய் என்று தெரிந்து நிறுத்தினேன்.
பிறகு சொன்னேன்:
பத்து நாள் என்று மொத்தமாய்த் தராதீர்கள்.
ஒரு நாள்கூடத் தேவைப்படாத மாதம் உண்டு.
விடியற்காலை ஒரு வார்த்தை அனுப்புவேன்.
அதை நம்ப வேண்டும்.
ஒவ்வொரு தடவையும் சான்றிதழுக்காக
ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடிகிற காலால்
வகுப்புக்கே வந்துவிடலாம்.

அவர் சிரிக்கவில்லை.
"இதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்லையே" என்று
தனக்குள் சொல்லிக்கொண்டு
தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார்.
(அந்த வருஷம் அபராதம் கட்டித்தான் பரீட்சை எழுதினேன்.
பின்பக்கம் எழுதியது
கமிட்டி தாண்டி வர ஜூன் ஆனது.)

ஜூலையில் முதல் தடவை.
அசைன்மெண்ட் கொடுக்கவேண்டிய நாள்.
ஐந்து மணிக்கு அனுப்பினேன்: "முட்டி."
ஆறுக்கு முன்பே பதில்: "சரி. வியாழன் குடு."
பஸ் ஹாரன் அடித்தது. போனது.
வழக்கமாய் அந்தச் சத்தத்தோடு
வாதாட ஆரம்பிப்பேன், முட்டியோடு, சுவரோடு.
அன்றைக்குத் தூங்கினேன்.
விழித்தபோது வெட்கமாக இருந்தது,
எதற்கென்று இன்னும் பிடிபடவில்லை.

வியாழன் கொடுத்தேன், பதினொரு பக்கம்.
"எங்களுக்கும் ஒரு வியாழன் கிடைக்குமாடா?"
கன்னியப்பன் விளையாட்டுக்குத்தான் கேட்டான்.
பாதி விளையாட்டு.

லேபுக்கு இது செல்லாது என்கிறார் சுகிர்தராஜ் சார்.
டைட்ரேஷன் யாருக்காகவும் காத்திருக்காதாம்.
லேப் மூன்றாவது மாடி.
லிஃப்ட் கதவில் 'பழுது' என்ற அட்டை
நான் சேர்ந்த நாளிலிருந்து இடம் மாறவில்லை.
அதற்கு மட்டும் வருகை நூற்றுக்கு நூறு.
வெள்ளிக்கிழமை அவரைப் போய்ப் பார்க்க வேண்டும்,
முட்டி விட்டால்.