காலி எடை

செட்டிச்சாவடி எடைமேடையில் எனக்குப் பகல் ஷிப்ட்.
லாரி ஏறும். சிவப்பு எண்கள் தள்ளாடி நிற்கும்.
லோடு எடை, காலி எடை, நிகர எடை
மூன்று வரி அடித்துச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
அந்த மேடைக்கு உலகமே கிடையாது.
இன்று ஆளில்லாத நேரம் பார்த்து
நடுவில் கொண்டுபோய் ஒரு முட்டையை வைத்தேன்.
சைபர்.

ஓடில்லாத முட்டை அது.
விடியலில் கூண்டுக்குள் கைவிட்டபோது
காய்ச்சல்காரப் பிள்ளையின் கன்னம்போல்
வெதுவெதுவென்று அமுங்கியது.
காலி எடை இல்லை, எல்லாமே சரக்கு.
இட்டவள் கருக்கி
என் மேசைக்குக் கீழே அட்டைப்பெட்டியில்
மதியச் சாப்பாட்டு மணிக்குக் காத்திருந்தாள், என்னைப்போல.

ஓடு மெலியத் தொடங்கியபோதே
“மலையே வெள்ளையாக் கெடக்குது,
ஒரு கை அள்ளிப் போடுங்க” என்றார் டிப்பர் பொன்னுரங்கம்.
ஆய்வகத்து ஷாகிரா சிரித்தாள்:
“அது மக்னீசியம்க்கா. ஓட்டுக்கு வேணுங்கிறது கால்சியம்.
ரெண்டும் வெள்ளை, அவ்வளவுதான் சொந்தம்.”
பதினாறு வருடம் புருவத்தில் அந்தத் தூசியோடு
வீடு திரும்புகிறவள் நான்.

லீ பஜாரில் கிளிஞ்சல் வாங்கினேன்.
கடல் பார்க்காத கோழிகள் கடலைக் கொத்தின.
ஓடு வந்தது,
பிழிந்து உதறாமல் காயப்போட்ட துணிபோல் வரிவரியாக.
உடைத்து ஊற்றினால் வெள்ளைக்கரு தண்ணீராய் ஓடி
தோசைக்கல்லின் விளிம்பைத் தொட்டது.
ராத்திரி செல்போன் வெளிச்சத்தில்
வலைக்கம்பியில் காதை வைத்தேன்.
ஜூஸின் கடைசிச் சொட்டை
யாரோ ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற சத்தம்.
ஒன்றல்ல, மூன்று தொண்டைகள்.

“புதுசா ஏதாச்சும் சேர்த்தீங்களா?”
மருந்தகத்தில் டாக்டர் கேட்டபோது
கருக்கியின் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:
போன மாதம், கொங்கணாபுரம் சந்தை,
செங்கல் நிறத்தில் ஒருத்தி, நானூற்றைம்பது ரூபாய்.
கையில் தூக்கியதுமே ஒன்றரைக் கிலோ என்றேன்.
தராசும் அதையே சொன்னது.
அந்தப் பெருமையில் மூக்கைப் பார்க்க மறந்துபோனேன்.
(இதை அவரிடம் சொல்லவில்லை.)

“அவ எப்படி இருக்கா?”
“தினம் ஒரு முட்டை, சார். வழவழன்னு.”
“அவகிட்ட இருந்து வந்ததா இருக்கலாம்.
அவளுக்கு முன்னாடியே வந்து போயிருக்கலாம்.
வைரஸா இருந்தா அதுக்கு மருந்தில்ல,
பின்னால வர்ற சளிக்குத்தான் தர்றேன்.
எல்லாத்துக்கும் தண்ணியில கலந்து வைங்க.
நான் சொல்ற வரைக்கும் முட்டைய யாரும் தின்னக் கூடாது.”
கருக்கியின் அடிவயிற்றை இரண்டு விரலால் அமுக்கினார்.
“உள்ள ஒண்ணு உடைஞ்சும் இருக்கலாம்.”

அதனால் குளியலறைக்குப் பின்னால் ஒரு குழி.
தினமும் செங்கல்காரியின் முட்டை,
ஒரு கீறல் இல்லாதது, அதற்குள் போகிறது.
எதிர்வீட்டு ஃபிலோமினாவுக்கு ஏழாம் மாதம்,
நாளுக்கு ஒன்று சொல்லிவைத்தவள்.
விளக்கிச் சொல்லியிருக்கலாம்.
“கோழி நிப்பாட்டிடுச்சு” என்றேன்.
அந்த நேரம் பார்த்துக் கூண்டுக்குள்ளிருந்து
கொக் கொக் கொக்கரக்கோ என்று
தெருவுக்கே முட்டைக்கணக்கு வாசித்தாள் செங்கல்காரி.
ஃபிலோமினா கூண்டைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

ஞாயிறு காலை இவர் கத்தியைத் தீட்டினார்.
“வந்தவதான் காரணமா?”
“இருக்கலாம்.”
“அப்ப இவ?”
“இருக்கலாம்.”
கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு
வெங்காயம் எடுக்க உள்ளே போனார்.

கருக்கி மட்டும் வெயிலில் நிற்கிறாள்,
டிவியில் பனியில் நிற்குமே அந்தப் பறவைபோல்
வயிறு கனத்து, செங்குத்தாக,
கிளிஞ்சல் தட்டை ஒரு கண்ணால் பார்த்தபடி.