காகித நிறம்

அறுநூற்று நாற்பத்திரண்டு பக்கம்.
நாளை காலை ஒன்பதுக்கு அச்சகம் போக வேண்டும்.
இன்று மாலை ஆறரைக்கு நிமலராஜன் எழுதுகிறார்:
இரட்டை மேற்கோள் எல்லாவற்றையும் ஒற்றையாக்கிவிடுங்கள்,
ஒற்றையை இரட்டையாக.
ஆங்கிலப் பதிப்பு அப்படித்தான் வருகிறது,
இரண்டும் ஒரே அலமாரியில் நிற்கப் போகின்றன.
சின்ன வேலைதானே.

சின்ன வேலைதான்.
டாண்டினோங்கில் ஜூன் மாதம்.
ஹீட்டர் என் ஒரு காலை மட்டும் சுடுகிறது.
கீழே மருந்துக்கடை ஷட்டர் இறங்கும் சத்தம்,
அப்புறம் பேக்கன்ஹாம் ரயில்,
அப்புறம் நானும் திரையும்.

இரட்டையை நேராக ஒற்றையாக்கினால்
ஏற்கெனவே ஒற்றையாய் இருந்தவை
கூட்டத்தில் கலந்துவிடும்.
யார் சொன்னது, யார் சொன்னதாக யார் சொன்னது,
பிறகு பிரிக்க முடியாது.
ஆகவே மூன்று நடை நடக்க வேண்டும்.
முதலில் இரட்டைகளையெல்லாம்
யாரும் எழுதாத ஒரு குறிக்குள் ஒளித்துவைக்க வேண்டும்.
ஃ வைக்கலாமா என்று பார்த்தேன்.
அஃது இஃது என்று எழுதுகிற ஆள் இந்த யோகேஸ்வரி அம்மா,
ஃபேக்டரி வேறு பக்கத்துக்குப் பக்கம்.
நட்சத்திரம் வைத்தேன்.
ஐந்து நிமிடம் புத்தகம் முழுக்க
எல்லோரும் நட்சத்திரங்களுக்கு நடுவே பேசினார்கள்.
கொஞ்சம் அழகாகத்தான் இருந்தது.

ஐம்பத்தேழாம் பக்கத்தில்
அவர் சீருடை தைத்த காலத்து அளவுக் குறிப்பு.
அங்குலத்துக்குப் போட்ட இரண்டு கோடும் ஒன்றாகி
ஒரு பள்ளிச் சிறுமியின் இடுப்பு
முப்பத்துநான்கு அடி.
அங்குலங்களைக் கையால் திருப்பிக் கொடுத்தேன்,
ஒவ்வொன்றாக.

பத்து மணிக்கு ஒரு கோபம் வந்தது.
என் மொழிக்கு இந்தக் கொக்கிகள் எதற்கு?
‘என்று’ ஒன்று போதாதா
பேச்சு முடிந்த இடத்தில் கதவைச் சாத்த?
தேநீர் போட்டுக் குடித்த பிறகு தோன்றியது:
அது பின்னால்தான் வரும்.
பேச்சு எங்கே தொடங்கியது, அதற்குத் தெரியாது.
மேற்கோளிலும் ஒரு கோள் இருக்கிறது.
கோள் சொல்வதற்கும்
எல்லைக்கல் வேண்டும்தான்.

பதினொன்றரை.
திறப்பவை நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.
மூடுபவை நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு.

யாரோ ஒருவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

முந்நூற்று எண்பத்தெட்டில் பிடித்தேன்.
தொலைபேசி அட்டைக் காலம்.
இரவு வேலை முடிந்து வந்து
வவுனியாவுக்கு அழைக்கிறார்.
தங்கை சொல்கிறாள்,
‘அக்கா, நான் அந்த நீலப் பெட்டியை

அடுத்த பத்தி:
மறுநாள் எனக்கு இரண்டாம் ஷிப்ட்.

ஷிப்ட் பார்த்த உடம்பு, விழித்திருக்கும்
என்று நம்பி அழைத்தேன்.
இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.
அது அப்பிடித்தான் பிள்ளை. கார்ட் முடிஞ்சுபோச்சு.
பிறகு?
அடுத்த கிழமை எடுத்தனான். மழை, சீனி விலை எண்டு கதைச்சவள்.
பெட்டியைப் பற்றி அவளும் சொல்லேல்லை,
நானும் கேக்கேல்லை.
இப்போது கேட்கலாமே?
ஒட்டாவாவில இருக்கிறாள்.
கேட்டால் எந்தப் பெட்டி எண்டுவாள்.
கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை.
கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன்.
மூடாதேங்கோ, என்றார்.

அச்சகத்தின் சரிபார்ப்பு நிரலுக்கு இதெல்லாம் தெரியாது.
எண்ணிக்கை சமமில்லையென்றால்
கோப்பை உள்ளே விடாது.

ஒன்றரை மணிக்கு
பெட்டியை என்ற சொல்லை ஒட்டி
ஓர் ஒற்றை மேற்கோள் வைத்தேன்.
நிறப் பட்டியலில் கறுப்புக்கு மேலே
காகிதம் என்று ஒரு நிறம் இருக்கிறது.
அதைக் கொடுத்தேன்.

திறப்பவை நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.
மூடுபவையும் அவ்வளவே.
பச்சை விளக்கு.

ஹீட்டரை அணைத்தேன்.
கொஞ்ச நேரத்தில் இரண்டு காலும்
ஒரே அளவு குளிர்ந்தன.