ஒரு காதுக்கான காடி

ஜெலுத்தோங்கில், டயர் கடைக்கும் மீன் கடைக்கும் நடுவில்
ஹொக் லியோங் என் சாகாவின் கதவைக் கழற்றினான்.
உள்ளே பழைய ஸ்பீக்கர்,
அப்பளமாய் நொறுங்கிய காகிதக் கூம்பு.
கூடவே இருபது சென் காசு,
எழுத்து அழிந்த டோல் ரசீது,
ஒரு கொண்டை ஊசி.
என்னுடையது இல்லை.
எனக்கு முன் இந்தக் காடியை ஓட்டியவள்
இதைத் தேடியிருப்பாளோ என்னவோ.

விரல் மூட்டால் தகரத்தைத் தட்டினான்: காலி பால் டின்.
கறுப்புத் தார்ப் பாயை ஒட்டி, உருளையால் அழுத்தி
மறுபடி தட்டினான்: தர்பூசணி.
"முதல்ல கதவு வாயை மூடணும், காக்.
அப்புறம்தான் ஸ்பீக்கர் பேசும்."

பின்பக்கத்துக்கும் ஒரு ஜோடியா?
வேண்டாமாம்.
பாட்டு முன்னால் நிற்கணும்,
முதுகுக்குப் பின்னால் பேசக்கூடாது.
நூற்றிருபது வெள்ளி மிச்சம்.
முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களால்
எனக்கு முதன்முதலாக ஒரு லாபம்.

ஆறரை அங்குலம் இரண்டு, கதவில், முழங்காலுக்கு நேரே.
பட்டுத்துணி முகத்தோடு குட்டி டுவீட்டர்கள்
கண்ணாடித் தூணில்.
ஸுல் நீலப் பசைநாடாவால் ஒட்டி
இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான்.
கொஞ்சம் கூடினால் பாடகி
கண்ணாடிக்கு வெளியே போய் நிற்கிறாளாம்.
கொஞ்சம் குறைந்தால்
கியர் மேல் உட்காருகிறாளாம்.
"இப்போ நடுவுல வந்துட்டாளா?"
தலையாட்டினேன்.
அவள் எங்கேயும் போனதாகவும் தெரியவில்லை,
வந்ததாகவும் தெரியவில்லை.

ஒரு தடவை கம்பி மாறிவிட்டது,
கூட்டல் இடத்தில் கழித்தல்.
ஒன்று தள்ள, மற்றது இழுத்தது.
மிருதங்கத்தின் தொப்பி அப்படியே காணாமல் போனது.
இரண்டும் முழு மூச்சாய் வேலை செய்யும்,
ஆனால் ஒன்றை ஒன்று இல்லாமல் ஆக்கும் என்று
படம் போட்டு விளக்க ஆரம்பித்தான்.
பதினொரு வருடம் கல்யாணம் ஆகியிருந்தவளுக்கு
படம் எதற்கு.

கடைசியாக மடிக்கணினியைத் திறந்தான்.
"வலது ஸ்பீக்கர் உங்களுக்குக் கிட்ட.
அதை ரெண்டு மில்லி நொடி காக்க வைக்கிறேன்.
ரெண்டு காதுக்கும் ஒரே நேரத்துல வந்து சேரும்."

ரெண்டு காதுக்கும்.

அப்போதுதான் சொன்னேன்.
ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி.
வலது காது தோடு மாட்ட மட்டும்.
நாற்பது வருடமாய்
வலப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம்
நான் திமிர் பிடித்தவள், சோம்போங்.
இயர்போனில் பாதிப் பாட்டு,
மீதியை யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவன் ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்ளவில்லை.
"காலையிலேயே சொல்லியிருக்கலாமே" என்று
கொஞ்சம் எரிச்சல்தான் பட்டான்.
போட்ட கணக்கை எல்லாம் அழித்தான்.
இடம் வலம் இரண்டையும் கலந்து ஒன்றாக்கினான்.
பிறகு என் இருக்கையில் உட்கார்ந்து
மஞ்சள் பஞ்சை உருட்டி
தன் வலது காதில் திணித்துக்கொண்டான்.

நாற்பது நிமிடம்.
கூரைத் தகரத்தில் மழை வந்து போனது.
ஸுல் வலப்பக்கம் நின்று
மதியச் சாப்பாட்டுக்கு என்ன என்று
மூன்று தடவை கேட்டான்.
பதில் இல்லை.
"சோம்போங்" என்று முணுமுணுத்துக்கொண்டு
தனியாகவே சாப்பிடப் போனான்.

விடிய இன்னும் நேரமிருக்கிறது. பாலத்தில் லாரிகள்தாம்.
விமான நிலையத்துக்கு ஒரு பெண், மடியில் பெட்டி.
பல்லவி தொடங்குமுன்
பாடகி மூச்சை இழுத்துக்கொள்கிறாள்.
இத்தனை வருடம் கேட்ட பாட்டில்
இப்படியொரு மூச்சு இருந்திருக்கிறது.
அவள் நடுவில் நிற்கிறாளா, கியர் மேலா,
கடலுக்கு மேலா,
எனக்குத் தெரியாது.
இருக்கிறாள்.

"அக்கா, பின்னால ஸ்பீக்கர் ரிப்பேரா?"
"இல்லைம்மா. பின்னால ஸ்பீக்கரே இல்ல."

தொப்பி விழும்போதெல்லாம்
நம்பர் பிளேட் மட்டும் இன்னும் அதிர்கிறது.
புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறான்.